மருந்துப் பையும் கோயில் நோட்டும்: ஒரு கைநடுக்கத்தின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 67 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (பாமாயில் மரத்துக்கு) மாறிய பிறகு சில வருடம் களைக்கு மருந்தடிக்கும் பெண்கள் குழுவில் இருந்து ஓய்வு பெற்றார். கணவர் இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்து, இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கிறார். 12 வருடமாக நீரிழிவு, அதற்கு முன்பிருந்தே ரத்த அழுத்தம். இரண்டுக்கும் அரசாங்க கிளினிக்கில் தவறாமல் மருந்து வாங்குகிறவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கூட்டி வந்த மருமகளின் கவலை கை பற்றியது. “டாக்டர், அத்தைக்கு வலது கை நடுங்குது. வாதம் வந்திருச்சுன்னு பக்கத்து வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க.”

நோயாளியின் கவலை வேறு. “கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும் டாக்டர். ராத்திரி படுத்தா திரும்பிப் படுக்க முடியல. அதுக்கு ஏதாச்சும் செய்ங்க.”

இந்த இரண்டாவது புகாரைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். நடுக்கத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். படுக்கையில் புரள முடியாமல் போவது, சேலைக்குப் பின் குத்த நேரம் எடுப்பது, வெங்காயம் நறுக்கும் கை பாதியில் களைத்துப்போவது, பத்து நிமிடத்தில் நடந்த கோயிலுக்கு அரை மணி நேரம் ஆவது, இவை எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அசைவைக் கெடுக்கும் மூளை நோயான பார்க்கின்சனின் அடிப்படை அடையாளம் நடுக்கம் இல்லை, அசைவில் வரும் மந்தம். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகள் உண்டு. மந்தம் இல்லாமல் பார்க்கின்சன் கிடையாது.

பக்கவாதமா என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்க முடிந்தது. பக்கவாதம் ஒரு நொடியில் வருவது: வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். அப்படி நடந்தால் கிளினிக்குக்குக்கூட வரவேண்டாம், 999க்கு அடித்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இந்த அம்மாவுக்கு எது எப்போது தொடங்கியது என்று யாராலும் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. மெல்ல மெல்ல ஏறிய நோய் இது.

பரிசோதனை

கைகளை மடியில் தளர்வாக வைத்துக்கொண்டு, பங்குனியில் தொடங்கித் தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். மனம் வேறு வேலையில் இருக்கும்போதுதான் இந்த நடுக்கம் முகம் காட்டும். மாசியைத் தாண்டுவதற்குள் வலது பெருவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருள ஆரம்பித்துவிட்டது, நொடிக்கு நான்கைந்து தடவை. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுக்கச் சொன்னதும் நின்றுவிட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

நடுக்கத்தோடு வருகிற யாரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போது நடுங்குகிறதா, கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா? வேலை செய்யும்போது நடுங்குவது, இரண்டு கையிலும் இருப்பது, தலையோ குரலோ சேர்ந்து ஆடுவது, அப்பாவுக்கும் இருந்தது என்று சொல்வது, இவை பெரும்பாலும் சாதாரணப் பரம்பரை நடுக்கம். அதற்கு புரொப்ரனோலால் கொடுக்கலாம், ஆஸ்துமா இருந்தால் கூடாது. தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் பம்ப்பும் நடுக்கும். இவற்றையெல்லாம் பார்க்கின்சன் என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

அடுத்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலத் திறந்து வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். வலது கையில் முதல் நான்கைந்து தட்டு சரியாக இருந்தது. அப்புறம் திறப்பு சுருங்கிச் சுருங்கி, பத்தாவது தட்டுக்குள் விரல்கள் ஒட்டிக்கொண்டன. இடது கையும் மந்தம்தான், ஆனால் அவ்வளவு இல்லை. முழங்கையை மடக்கி நீட்டினால் இரண்டு பக்கமும் விறைப்பு, வலது பக்கம் கூடுதல். நடக்கும்போது வலது கை வீசவில்லை. திரும்பும்போது உடம்பு மொத்தமாகச் சின்னச் சின்ன அடிகளில் திரும்பியது. கண் மேலும் கீழும் நன்றாக அசைந்தது. கீழே விழுந்ததில்லை. கால் கட்டைவிரலில் இசைக்கவையின் அதிர்வு சரியாகத் தெரியவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூக்கைப் பற்றிக் கேட்டதும் மருமகள் சிரித்துவிட்டார். “இறால் பெலாச்சான் வறுத்து வீடே தும்மினாலும் அத்தைக்குத் தெரியாது டாக்டர், ரொம்ப நாளாவே.” மலச்சிக்கல் பல வருடமாக. தூக்கத்தில் கத்துகிறார், ஒருமுறை கனவில் யாரையோ துரத்திச் சுவரில் குத்தியிருக்கிறார். மோப்பம் போவது, மலச்சிக்கல், கனவைக் கைகாலால் நடிப்பது மூன்றுமே நடை கெடுவதற்குப் பல வருடம் முன்பே வரக்கூடியவை. குடும்பத்தில் யாரும் இவற்றை நோயோடு சேர்த்துச் சொல்வதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே பார்க்கின்சன் என்று எழுதி மருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் இருந்த விறைப்பும், முகம் அவ்வளவு உறைந்து எச்சில் வடிவதும் கொஞ்சம் உறுத்தின. கிளினிக் மருந்துகளைத்தான் கொண்டு வந்திருந்தார்கள். வீட்டில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லி மகனை மோட்டாரில் அனுப்பினேன்.

பையைக் கொட்டியபோது

ஒரு பிளாஸ்டிக் பை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், பிராசோசின், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், கொழுப்பு மாத்திரை, இவை நம் மருந்துகள். அவற்றுக்கு அடியில் டவுன் தனியார் கிளினிக்குகளின் சின்னச் சின்ன உறைகள். எல்லாவற்றிலும் தலைசுற்றலுக்கு, நாளுக்கு மூன்று என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஸ்டெமெட்டில், அதாவது புரோகுளோர்பெரசின். முதல் உறையின் தேதி 14 மாதத்துக்கு முந்தியது. நடுவில் வயிற்று உப்புசத்துக்கு மாக்சலான். கடைசியில் மூட்டுவலிக்கு என்று யாரோ விற்ற, பெயரோ பதிவு எண்ணோ இல்லாத ஒரு ஜாமு (மலாய் நாட்டு மருந்து) டப்பா. மலேசியாவில் பதிவான மருந்தில் மால் (MAL) என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அது இல்லாததை அப்போதே தனியே எடுத்து வைத்தோம்.

14 மாதம் ஸ்டெமெட்டில் சாப்பிடும்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒருவர் சில நாளுக்குக் கொடுத்தார். தீர்ந்ததும் மகன் வேலை முடிந்து வரும் வழியில் எந்தக் கிளினிக் திறந்திருந்ததோ அங்கே காலி உறையைக் காட்டி வாங்கி வந்தார். ஒவ்வொரு டாக்டரும் கொடுத்தது சில நாள் மருந்துதான். கூட்டிப் பார்க்க யாரிடமும் முழுக் கணக்கு இல்லை.

மூளையில் அசைவைச் சீராக்குவது டோபமின். பார்க்கின்சன் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. ஸ்டெமெட்டிலும் மாக்சலானும் டோபமின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துவிடுகின்றன. தலைசுற்றலுக்குத் தாராளமாகக் கொடுக்கப்படும் ஸ்டுகெரானும் நாள்பட்டால் இதையே செய்யும். விளைவு வெளியிலிருந்து பார்க்க அசல் பார்க்கின்சன் நோயே. கெட்ட மருந்துகளா? இல்லை. கடும் வாந்திக்கு இரண்டு மூன்று நாள் கொடுத்தால் நல்ல மருந்துகள். மாக்சலானை ஐந்து நாளுக்கு மேல் தரவேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே சொல்லிவிட்டது. வயதானவருக்கு மாதக்கணக்கில் போகும்போதுதான் இது பிரச்சினை.

சரி, தலைசுற்றல் எங்கிருந்து வந்தது? உட்கார்ந்திருக்கும்போது ரத்த அழுத்தம் 146/80. எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து 110/68. நின்றால் மேல் எண் 20 இறங்கினாலே அது குறை. இவருக்கு 36 இறங்கியிருந்தது. தலை ‘சுற்றவே’ இல்லை, எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பிராசோசின் அதைச் செய்யும். பார்க்கின்சன் நோயும் தானாகவே செய்யும். நிற்க வைத்து அழுத்தம் பார்க்க ஆகிற மூன்று நிமிடத்தை, கூட்டம் நிறைந்த கிளினிக்கில் யாரும் செலவழிக்கவில்லை. ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரையின் விளைவைப் பார்த்து வாதம் என்று பேச்சு.

அன்று செய்தது இவ்வளவுதான்: ஸ்டெமெட்டிலும் மாக்சலானும் நிறுத்தம். பிராசோசினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். ரத்தத்தில் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை, பி12 பார்த்தோம். பி12 குறைவு. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரும், கால் மரத்துப்போனதில் நீரிழிவோடு இதற்கும் பங்கு இருக்கலாம். அதற்கு ஊசி தொடங்கினோம்.

ஸ்கேன் எடுக்கவில்லை. மருமகளுக்கு அதில் வருத்தம். பார்க்கின்சன் நோயில் சாதாரண சிடி ஸ்கேன் வயதுக்கேற்ற மூளையைத்தான் காட்டும். திடீரென்று வந்தது, ஆரம்பத்திலேயே அடிக்கடி விழுவது, கை நன்றாக இருந்து கால் மட்டும் தரையோடு ஒட்டிக்கொள்வது, நடை கெட்டு சிறுநீரும் அடக்க முடியாமல் போவது, இப்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் கட்டாயம். நாற்பதுக்குக் கீழே உள்ளவர் என்றால் உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயையும் தேடியாக வேண்டும், அது மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது.

மூன்று மாதம் கழித்து

மருந்தால் வந்த விறைப்பு, மருந்தை நிறுத்திய சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறு மாதம்கூட ஆகலாம். அதுவரை பார்க்கின்சன் மருந்து எதையும் தொடங்காமல் காத்திருப்பது குடும்பத்துக்குப் பெரிய சோதனை. “மருந்தே குடுக்காம அனுப்புறீங்களே டாக்டர்” என்று மகன் கேட்டார். மருந்தை எடுத்ததுதான் வைத்தியம் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று மாதத்தில் இடது கை கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. எச்சில் வடிவது நின்றது. முகத்தில் சிரிப்பு திரும்பியது. நின்றால் கண் இருட்டுவதும் வெகுவாகக் குறைந்தது. வலது கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, வரியின் கடைசியில் இன்னும் பொடியாக. உடனே மருமகள், “அத்தை எழுத்து முன்னாடியே இப்படி ஆயிடுச்சு டாக்டர், கோயில் நோட்டைப் பாத்தா தெரியும்” என்றார். இவர்தான் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பல வருடமாக எழுதி வருகிறவர். அடுத்த வாரம் நோட்டுகளைக் கொண்டு வந்தார்கள்.

பழைய நோட்டில் எழுத்துகள் கோட்டுக்குக் கோடு நிறைந்து நின்றன. ‘வெள்ளி 20’ (20 ரிங்கிட்) என்பதில் கொம்பும் சுழியும் தாராளமாக வளைந்திருந்தன. அடுத்த நோட்டின் நடுவில், ஒரு புரட்டாசி மாதப் பக்கத்திலிருந்து, எழுத்து பாதி கோட்டுக்கு இறங்கியது. அதற்கு அடுத்த தையில் பெயரின் முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து புள்ளியாகவும் இருந்தன. தேதி போட்டு எழுதும் பழக்கம் இருந்ததால் கணக்குப் பார்க்க முடிந்தது: எழுத்து சுருங்க ஆரம்பித்தது, முதல் ஸ்டெமெட்டில் உறைக்கு எட்டு மாதம் முன்பு. அதே காலத்தில்தான் வலது தோளில் வலி வந்து, வாயு என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். தோள் இறுகி வலிப்பதாகத் தொடங்கும் பார்க்கின்சன் நோய் புதிதல்ல.

ஆக, நோய் முதலில் இருந்தது. மருந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு மடங்காக்கியது. மருந்தை விலக்கியதும் அடியில் இருந்தது தெரிந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் கிளினிக்கும் இதையே உறுதி செய்தது.

சிகிச்சை

அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் 1960களில் வந்த லெவோடோபா இன்றைக்கும் இந்த நோயின் மிகச் சிறந்த மருந்து. இந்த வயதில் அதிலேயே தொடங்குவதுதான் என் வழக்கம். நடுக்கத்துக்குப் பழைய காலத்து பென்செக்சால் முதியவர்களைக் குழப்பத்தில் தள்ளும், சிறுநீரை அடைக்கும், அதனால் தொடவில்லை. புரமிபெக்சால் வகை மருந்துகளும் உண்டு. அவற்றைக் கொடுத்தால், திடீரென்று நாலு நம்பர் லாட்டரிக் கடையில் அளவில்லாமல் காசு போகிறதா என்று வீட்டில் கவனிக்கச் சொல்ல வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சூதாட்ட ஆசை அந்த மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவு.

லெவோடோபா உள்ள மடோபார் 250 வில்லையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இருக்கும், நாலாக உடைக்கலாம். கால் வில்லை, நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கி, சில வாரத்தில் அரை வில்லைக்கு ஏற்றினோம். பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு, தண்ணீரோடு. முட்டை, பருப்பு, இறைச்சி என்று புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்தால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. இரும்புச் சத்து மாத்திரையும் இதைத் தடுக்கும், இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

முதல் வாரத்தில் குமட்டல் வந்தது. இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. குமட்டல் என்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கைக்கு வரக்கூடியது ஸ்டெமெட்டில் அல்லது மாக்சலான். தேவைப்பட்டால் டொம்பெரிடோன் கொடுக்கலாம், அது மூளைக்குள் அதிகம் போகாது. இதயத் துடிப்பின் ஈசிஜி பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை, இரண்டு பிஸ்கட்டோடு மாத்திரை போட்டதும் அடங்கியது. ஸ்டெமெட்டில், மாக்சலான், ஸ்டுகெரான், ஹாலோபெரிடோல் வேண்டாம் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு சீட்டு எழுதி, ஐ.சி. (அடையாள அட்டை) உறைக்குள் வைக்கச் சொன்னேன். எந்த டாக்டரிடம் போனாலும் ஐ.சி.யை எடுத்துத்தானே ஆக வேண்டும்.

தீபாவளிக்குக் கோலாலம்பூர் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னபோது மாத்திரைகளை எண்ணிப் பார்த்து அனுப்பினோம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுவில் மகன் ஈப்போவிலிருந்து பூனைக்காலி விதைப் பொடி வாங்கி வந்தார். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, நாட்டு வைத்தியத்தில் பழைய மருந்து. அதனால்தான் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அளவு கூடினால் உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கும். செம்பனைக் காட்டில் மூடுபயிராகப் படர்ந்து கிடக்கிற கொடியும் இதற்கு உறவுதான், அதைப் பறித்து அரைக்கலாமா என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

நோயாளி கேட்டது ஒரே கேள்வி. “மருந்தடிச்சதுனால வந்துச்சா டாக்டர்?” பராகுவாட் களைக்கொல்லியோடு வேலை செய்தவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலேசியாவில் அதை 2002இல் தடை செய்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரியிலிருந்து முழுமையாகத் தடை செய்தார்கள். ஆனால் ஒரு தனி ஆளிடம் இதனால்தான் வந்தது என்று நிரூபிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை. அப்படியே சொன்னேன். கையுறை இல்லாமல், முதுகில் ஒழுகும் பம்ப்போடு அடித்தோம் என்றார். அதைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெண்களின் வேலை வரலாற்றை நோய்க் குறிப்பில் எழுதும் வழக்கம் நம்மிடம் போதாது.

உடற்பயிற்சிக்குப் பிசியோவிடம் போகிறார். பெரிய அடி வைத்து, கையை வேண்டுமென்றே வீசி நடக்கப் பழக்குகிறார்கள். குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதால் தரையில் வண்ண நாடா ஒட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழும்பிவிடுகிறது. படுக்கைக்கு வழுக்கலான விரிப்பும், படுக்கும் முன் மெதுவாகக் கரையும் மடோபார் ஒன்றும் சேர்த்த பிறகு, இரவில் ஆள் உதவி இல்லாமல் புரண்டு படுக்கிறார்.

மருந்து தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. விரல் தட்டு பதினைந்து வரை சுருங்காமல் போகிறது. நடுக்கம் கொஞ்சம் இருக்கிறது, அவருக்கு அதைப் பற்றி இப்போதும் கவலை இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வலது கை மறுபடி கனக்கிறது என்கிறார். மாத்திரை போட்ட நேரத்தையும் கை கனத்த நேரத்தையும் சமையலறைக் காலண்டரில் குறித்து வர மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று வேளையை நான்காகப் பிரிப்பதா, மதிய வேளையின் அளவைக் கூட்டுவதா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.